மாலை போட்ட அப்பா, கழற்றிய அப்பா: இதில் யார் நிஜம்?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டால் உங்கள் அப்பா 41 நாளும் ஒரு சொட்டுத் தொடுவதில்லை. விடிவதற்கு முன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், செருப்பில்லாமல் நடக்கிறார், துண்டை விரித்துத் தரையில் படுக்கிறார், வீட்டில் யாரையும் அதட்டுவதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயந்திரமே கடைக்குப் போய்விடுகிறார். உங்களுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வருஷா வருஷம் இதே கதை. '41 நாள் இருக்க முடிகிறவருக்கு மற்ற நாள் ஏன் முடியாது? சாமிக்குப் பயப்படுகிறார், எங்களைப் பற்றிக் கவலையில்லை, அவ்வளவுதானே? இதில் எது நிஜமான அப்பா, எது வேஷம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு விஷயமும் எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் இன்றைக்குக் கத்தக்கூடாது என்று தினமும் காலையில் முடிவெடுக்கிறீர்களாம். ராத்திரி வீட்டுப்பாடம் எழுதவைக்கும் நேரத்தில் அப்பாவின் அதே குரல் உங்கள் வாயிலிருந்து வருகிறதாம். 'அவரைக் கேள்வி கேட்க எனக்கென்ன யோக்கியதை?' என்று முடித்திருக்கிறீர்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது குடியைப் பற்றிய கேள்வி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே ஆளுக்குள் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு பேர் இருந்தால் அவரை எந்தக் கணக்கில் வைப்பது, மன்னித்தால் நாம் ஏமாளி ஆகிவிடுவோமா, மன்னிக்காவிட்டால் கல்நெஞ்சுக்காரி ஆகிவிடுவோமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். போதை மீட்பு சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராகப் பல வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். மருத்துவர் இல்லை. உடம்பு, மருந்து பற்றி இங்கே சொல்பவை கூட வேலை பார்த்த மனநல மருத்துவர்களிடம் கற்றவை. உங்கள் அப்பாவை நான் பார்த்ததும் இல்லை, ஆகவே அவருக்கு இன்னதுதான் என்று சொல்ல மாட்டேன்.

சுருக்கமான பதில், இரண்டு பேருமே உங்கள் அப்பாதான். வேஷம் என்பதை நான் ஏற்கவில்லை. வெளியாட்களிடம் வேண்டுமானால் 41 நாள் நடிக்கலாம். ஒரே அடுப்படி, ஒரே குளியலறை உள்ள வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடம் அத்தனை நாள் நடிக்க முடியாது, மூன்றாம் நாளே சாயம் வெளுத்துவிடும். அந்த நாட்களில் அவர் சாந்தமாக இருக்கிறார் என்றால் அந்தச் சாந்தம் அவரிடம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பிறகு ஏன் மாலையைக் கழற்றியதும் அது காணாமல் போகிறது என்றால், மாலையைச் சுற்றி என்னவெல்லாம் மாறுகிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

சாயந்திரம் ஆறரை மணியை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் அது வேலை முடிந்து, கையில் கொஞ்சம் பணம் இருந்து, கூட்டாளி 'போலாமா?' என்று கண்ணாலேயே கேட்கிற நேரம். மாலை போட்டால் அந்த நேரத்தில் குளியல், விளக்கு, பஜனை. கூட்டாளியே 'சாமி, நீங்க போங்க சாமி' என்று ஒதுங்கிக்கொள்கிறார். நேற்றுவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் இன்றைக்கு 'சாமி' என்கிறார்கள். உடுத்தியிருப்பது கறுப்போ நீலமோ, அந்த வேட்டியோடு கடை வாசலில் நின்றால் தெருவே பார்க்கும். வீட்டிலும் மாறுகிறது. அடுப்படியைக் கழுவி அம்மா சைவம் மட்டும் சமைக்கிறார். பழைய கணக்கை எடுத்துக்கொண்டு யாரும் அவரிடம் சண்டைக்குப் போவதில்லை. 'மாலை போட்டிருக்காரு, விடு' என்று நீங்களே ஒருவரை ஒருவர் அடக்கிக்கொள்கிறீர்கள். தடுமாறினால் கேட்க ஒரு குருசாமி இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிகிற தேதி ஒன்று தெரிகிறது. 'ஜென்மத்துக்கும் குடிக்காதே' என்றால் மலைத்துப்போகிற மனசு, 41 நாள் என்றால் எண்ண ஆரம்பித்துவிடும்.

மாலையைக் கழற்றும்போது இது அத்தனையும் ஒரே நாளில் போய்விடுகிறது. கூப்பிடும் பெயர், உடுப்பு, பஜனை, குருசாமியின் கண், வீட்டுக்காரர்களின் பொறுமை எல்லாமே. ஆறரை மணி மட்டும் அப்படியே வருகிறது, கூட்டாளியும் அங்கேயே நிற்கிறார். சுவர் காய்வதற்குள் சாரத்தைப் பிரித்த மாதிரிதான். அதனால் 'முடிகிறவருக்கு ஏன் முடியவில்லை' என்பதை நான் கொஞ்சம் திருப்பிக் கேட்பேன்: எதெல்லாம் இருந்தபோது முடிந்தது, அதில் எதை மாலை இல்லாமலும் வைத்துக்கொள்ள முடியும்?

ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, பின்னால் வலுவான ஆதாரம் உண்டு. 1920களில் அமெரிக்காவில் ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இருவர் சுமார் 11,000 பள்ளிப் பிள்ளைகளின் நேர்மையைச் சோதித்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தும்போது மாற்றி எழுதுகிறதா, விளையாட்டில் கூட்டிச் சொல்கிறதா, யாரும் பார்க்காதபோது காசை எடுத்துக்கொள்கிறதா என்று பலவிதமாகப் பார்த்தார்கள். 1928இல் வெளிவந்த முடிவு பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஓரிடத்தில் ஏமாற்றிய பிள்ளை இன்னோரிடத்திலும் ஏமாற்றும் என்று சொல்லவே முடியவில்லை. நேர்மையான பிள்ளைகள், மற்றவர்கள் என்று இரண்டு வரிசையாக நிறுத்த முடியாமல் போயிற்று. 1963இல் அதே தரவை இன்னொருவர் திரும்ப அலசியபோது, எல்லாச் சூழலுக்குள்ளும் ஓடுகிற மெல்லிய பொது இயல்பு ஒன்றும் இருக்கிறது என்று தெரிந்தது. ஆகவே 'எல்லாம் சூழ்நிலைதான், ஆளுக்குப் பொறுப்பே இல்லை' என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

போதை விஷயத்தில் இதைவிடக் கூர்மையான சம்பவம் வியட்நாம் போர். அங்கே இருந்த சாதாரண அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். வியட்நாமில் அடிமையாக இருந்தவர்களில், திரும்பிய முதல் வருஷத்துக்குள் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். அதே ஆள்தான், அதே மூளைதான், இடமும் துணையும் பொழுதும் மாறிவிட்டன. ஆனால் இதை அப்படியே உங்கள் வீட்டுக்குப் பொருத்தாதீர்கள். அவர்கள் இளைஞர்கள், பலர் அங்கே போன பிறகுதான் அதைத் தொட்டவர்கள். உங்கள் அப்பா பல வருஷப் பழக்கத்தோடு அதே தெருவில் இருக்கிறார். 'கொஞ்ச நாள் அண்ணன் ஊரில் விட்டால் சரியாகிவிடும்' என்று கூட்டிக்கொண்டு போகிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பழைய நிறுத்தம், பழைய ஆட்கள்.

ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று சொல்கிறேன். ஒரு அம்மா நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கணவரோடு வந்தார். அவர் குடித்த நாளிலெல்லாம் கட்டத்தின் மூலையில் பென்சிலால் 'கு' என்று எழுதி வைத்திருந்தார். மேசையில் விரித்து, 'பாருங்க, இதுதான் இவரு லட்சணம்' என்றார். கணவர் தலையைத் தூக்கவில்லை. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். 'கு' கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. சனிக்கிழமைகளில் குவிந்திருந்தது. மாமனார் திதி வந்த வாரத்தில் வரிசையாக மூன்று நாள். மகன் பரீட்சை எழுதிய வாரத்தில் ஒன்றுகூட இல்லை. 'ஏங்க, இந்த வாரம் நீங்க போகலையா?' என்று அந்த அம்மாவே ஆச்சரியமாகக் கேட்டார். அவர் எழுதிய காலண்டர்தான், ஆனால் 'கு' இல்லாத கட்டங்களை அதுவரை பார்த்ததில்லை. கணவரும்தான். 'எனக்கே தெரியலைம்மா' என்றார். சிகிச்சை உண்மையில் தொடங்கியது அந்தப் பரீட்சை வாரத்திலிருந்து. அன்றைக்குச் சாயந்திரம் என்ன செய்தீர்கள், யார் கூட இருந்தார்கள், பணம் யார் கையில் இருந்தது?

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியதாகாது. சிலருக்கு அந்த 41 நாளே மிச்சம் 324 நாளுக்கு அனுமதிச் சீட்டாகிவிடுகிறது. 'நான் என்ன குடிகாரனா? நெனச்சா 41 நாள் நிறுத்துவேன்' என்று எங்கள் மேசையில் கையை அடித்துச் சொன்னவர்கள் பலர். ஒரு நல்ல காரியம் செய்த பிறகு மனசு கொஞ்சம் தாராளமாக அடுத்த தப்புக்கு இடம் கொடுக்கிறது என்று 2001இலிருந்து உளவியலில் பேசுகிறார்கள். அந்த விளைவு முதலில் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டுகின்றன, ஆகவே அதை ஒரு விதியாக நான் நிறுத்த மாட்டேன். ஆனால் வாயால் அந்த வாதத்தைச் சொல்கிறவர்களிடம் அதை நேரடியாகவே பேசியாக வேண்டும். நிறுத்த முடிவது நல்ல செய்தி. திரும்பத் தொட்டால் அளவோடு நிறுத்த முடிகிறதா என்பது வேறு கேள்வி, குடிநோயைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமான கேள்வி.

'எங்கள் மேல் அக்கறையில்லை' என்றீர்களே, அங்கே உங்களோடு நான் சேரவில்லை. குடிப்பதை வைத்துப் பாசத்தை அளக்க முடியாது. வார்டில் மகளுக்குப் பிறந்தநாள் என்று கண்கலங்குகிறவர், வெளியே போன மூன்றாம் நாள் அந்தக் கேக்குக்கு வைத்த பணத்தைக் குடித்துவிட்டு வருவார். அழுகையும் பொய்யில்லை, குடித்ததும் பொய்யில்லை. சாமி விஷயம் எளிது. சபரிமலை விரதத்தில் எது கூடும், எது கூடாது என்பது துல்லியமாகத் தெரியும், மீறினால் ஊரறியத் தெரிந்துவிடும், கூடவே இருக்க ஒரு கூட்டம் இருக்கிறது. 'குடும்பத்துக்காக நிறுத்து' என்பதற்கு அப்படி ஒரு வரையறையும் கிடையாது, துணையும் கிடையாது. சாமியை விட நீங்கள் கீழே என்று அவர் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

உடம்பு பற்றி இரண்டு விஷயம், இவை சந்தேகமில்லாதவை. தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதையொட்டிச் சிலருக்கு நேரம், இடம் குழம்பி இல்லாதவை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், இது உயிருக்கே ஆபத்து. மாலை போட்ட முதல் வாரத்தில் உங்கள் அப்பாவுக்குக் கை நடுங்குமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். நடுங்கும் என்றால் அடுத்த தடவை மாலைக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, 41 நாளில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், பழைய அளவையே மாலை கழற்றிய அன்றைக்கு ஒரேயடியாகக் குடித்தால் அது முன்பைவிடக் கடுமையாகத் தாக்கும். அப்புறம் ஒரு கிளைக்கதை: 'அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்' என்று விற்கிற பொடிகளை வாங்காதீர்கள். அதில் டைசல்ஃபிராம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து) இருந்து அதன் மேல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயக் கோளாறு இருப்பவர் என்றால் செத்துக்கூடப் போகலாம். அந்த மருந்து மருத்துவர் கையால், அவர் தெரிந்து, சம்மதித்து எடுக்க வேண்டியது. பாசத்தின் பேரில் செய்யப்படும் காரியங்களில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதில்தான்.

இனி வீட்டில் பேசுவது. வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் தொழிலின் பேச்சையே மாற்றியது. குடிப்பவருக்குள் நிறுத்த வேண்டும் என்ற ஆசையும் விட முடியாது என்ற ஆசையும் ஒன்றாக இருக்கின்றன. நாம் ஒரு பக்கத்தை எடுத்துப் பேசினால் அவர் வாய் தன்னையறியாமல் மறுபக்கத்துக்கு வக்காலத்து வாங்கும். 'இந்தக் குடியால் என்ன கண்டீங்க?' என்று நீங்கள் ஆரம்பித்தால் அவர் 'நான் யார் காசுல குடிக்கிறேன்?' என்பார். சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் அவருக்கே உறுதியாகிக்கொண்டு போகும். அதற்குப் பதில், மாலை போட்டிருக்கும் நாளில், அவர் நிதானமாக உட்கார்ந்திருக்கும்போது, 'அப்பா, இந்த நாள்ல உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். 'தூக்கம் நல்லா வருதும்மா' என்பார், அல்லது 'பேத்தி பக்கத்துல வந்து உட்காருறா' என்பார். அதைப் பிடித்துக்கொண்டு அறிவுரையில் இறங்கிவிடக் கூடாது. 'ஆமாப்பா, அவளும் சொன்னா' என்று சொன்னால் போதும். இது எல்லாரிடமும் பலிக்கும் வித்தையில்லை. ஆனால் திட்டுவதைவிட மோசமாக எதையும் செய்துவிடாது.

மன்னிப்பு உண்மையிலேயே வேலை செய்கிற ஓர் இடம் உண்டு. நிறுத்தியிருந்தவர் ஒருநாள் தவறிவிடுகிறார். அன்றைக்கு ஒரு குவார்ட்டர். அந்த ஒரு குவார்ட்டரைவிட ஆபத்தானது மறுநாள் காலை. 'அவ்வளவுதான், எல்லாம் போச்சு, நான் இப்படிப்பட்டவன்தான்' என்ற எண்ணம் அவரை இரண்டாவது, மூன்றாவது நாளுக்கு இழுத்துக்கொண்டு போகும். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களில் இதை விரிவாக எழுதினார். வழுக்கியதற்கும் மொத்தமாக விழுந்ததற்கும் நடுவில் இருப்பது பல நேரம் அந்த வெட்கம்தான். வீட்டில் 'எனக்கு அப்பவே தெரியும்' என்ற ஒரு சொல் அந்த வெட்கத்துக்குச் சாட்சி சொல்லிவிடும். அதைச் சொல்லாமல் 'நேத்து என்ன ஆச்சு, எங்க தவறுச்சு?' என்று கேட்பதைத்தான் குடும்பங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கேட்பதற்கு எளிதாக இருக்கும், பத்துத் தடவை ஏமாந்த வாயால் அதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் மன்னிப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது, அதைப் பற்றியும் ஆய்வு உண்டு. ஜேம்ஸ் மெக்நல்டி என்பவர் புதுமணத் தம்பதிகளை முதல் நான்கு வருஷம் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு இது: எளிதில் மன்னித்துவிடுகிறவர்களின் துணைகளிடம் வசவும் கைநீட்டலும் அப்படியே நீடித்தன, அவ்வளவு எளிதில் மன்னிக்காதவர்களின் துணைகளிடம் அவை குறைந்தன. ஒரே ஆய்வை வைத்து எல்லாக் குடும்பத்துக்கும் தீர்ப்பு எழுத முடியாது என்றாலும், நான் கண்ணால் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது. உங்கள் அப்பா கை நீட்டுவாரா என்று நீங்கள் எழுதவில்லை. நீட்டுவார் என்றால் மேலே சொன்ன பேச்சு, பொறுமை எல்லாம் இரண்டாவது. முதலில் அம்மாவின் பாதுகாப்பு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனைவிக்கு மட்டும் இல்லை, அந்த வீட்டில் வாழும் மகளுக்கும் உண்டு. 181 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். மனசுக்குள் ஒருவரை மன்னித்துவிட்டு, வீட்டுச் சாவியையும் ஏடிஎம் கார்டையும் அவர் கையில் கொடுக்காமல் இருக்கலாம், இரண்டும் ஒன்றாக முடியும்.

இந்த மாதிரிக் கேள்விக்குக் 'குணம்நாடிக் குற்றமும் நாடி' என்ற குறளைப் பலரும் எடுத்து நீட்டுவார்கள். எனக்கு அது இங்கே பொருந்துவதாகத் தோன்றவில்லை. அது பொருட்பாலில், தெரிந்துதெளிதல் அதிகாரத்தில், அரசன் ஒரு வேலைக்கு ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றி வருகிறது. வேலைக்கு ஆள் வைக்கும்போது குணம், குற்றம் இரண்டில் எது மிகுதி என்று பார்த்து முடிவெடுக்கத்தான் வேண்டும். அப்பாவை நீங்கள் வேலைக்கு வைக்கப் போவதில்லை. நீங்கள் எழுதியிருந்த மாதிரி, அவர் யாருக்கோ கல்லூரிக் கட்டணம் கட்டினார் என்பதால் உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குத் தள்ளாடிக்கொண்டு வந்தது கழிந்துவிடாது, தள்ளாடி வந்ததால் கட்டணம் கட்டியது பொய்யாகிவிடாது. இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடிதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கைப் போடாமலே விடலாம்.

உங்களைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். பொதுவாக நாம் தப்பு செய்தால் 'நேரம் சரியில்லை, தலைவலி' என்போம், அடுத்தவர் செய்தால் 'அவன் குணமே அது' என்போம். நீங்கள் உங்கள் விஷயத்திலேயே இரண்டாவதைச் செய்கிறீர்கள். 'அப்பாவின் ரத்தம்' என்று எழுதியிருந்தீர்கள். குடிக்கு அடிமையாவதில் பரம்பரைக்கு ஏறத்தாழப் பாதிப் பங்கு உண்டு என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன, உண்மைதான். ஆனால் ராத்திரி எட்டரைக்கு, வேலைக்குப் போய்வந்து, சமைத்து முடித்து, ஏழாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்ட பிள்ளையிடம் குரல் உயர்வதற்கு ரத்தத்தைத் தேட வேண்டியதில்லை. அந்தக் குரல் நீங்கள் பத்து வயதில் கேட்டுப் பழகியது. களைத்திருக்கும்போது பழகியதுதான் முதலில் வாயில் வரும்.

'நான் செய்தது தப்பு' என்பதற்கும் 'நானே தப்பு' என்பதற்கும் பலன் வேறு. ஜூன் டாங்னி என்ற உளவியலாளர் பல வருஷம் இதை ஆராய்ந்தார். முதலாவது எண்ணம் ஆளைச் சரிசெய்யத் தூண்டுகிறது. இரண்டாவது ஒளியவும், அடுத்தவர் மேல் பழி போடவும், மேலும் கோபப்படவும் தூண்டுகிறது. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 119 முதலாண்டு மாணவர்களை வைத்துச் செய்து 2010இல் வந்த ஆய்வு ஒன்றில், முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். சின்ன ஆய்வு, மாணவர்கள் தாங்களே சொன்ன தகவல், பரீட்சையும் பிள்ளை வளர்ப்பும் ஒன்றில்லை. இருந்தாலும் 'என்னை நானே திட்டிக்கொண்டால்தான் திருந்துவேன்' என்ற நம்பிக்கைக்கு எதிராக இது நிற்கிறது. எங்கள் வார்டில் தன்னைத்தானே மிக மோசமாகத் திட்டிக்கொண்டவர்கள் சீக்கிரம் திரும்பி வந்ததைத்தான் பார்த்திருக்கிறேன்.

செய்யக்கூடியது என்னவென்றால், கத்திய அன்று ராத்திரியே, மகள் தூங்குவதற்கு முன், 'அம்மா கத்தினது தப்பு, உன் மேல தப்பில்ல' என்று சொல்லிவிடுங்கள். 'ஆனா நீ ஏன் அப்படி...' என்று பின்னால் ஒட்டாதீர்கள், ஒட்டினால் முதல் பாதி அழிந்துவிடும். மறுநாள் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமன் செய்வதாக எழுதியிருந்தீர்களே, அதைத் தனியாக, சும்மா ஒருநாள் வாங்கிக் கொடுங்கள். உங்கள் அப்பாவும் குடித்த மறுநாள் பரோட்டா பொட்டலத்தோடு வருவார் என்று நீங்கள்தான் குறிப்பிட்டிருந்தீர்கள். அந்தப் பொட்டலத்தைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டுப்பாட நேரத்தை எட்டரையிலிருந்து நகர்த்த முடியுமா என்றும் பாருங்கள். அப்பாவின் ஆறரை மணியைப் பார்த்த மாதிரியே உங்கள் எட்டரை மணியையும் பார்க்கச் சொல்கிறேன். யோக்கியதை பற்றிக் கேட்டதற்கு, கத்துகிற அம்மாவும் தன் அப்பாவிடம் 'குடிக்காதீங்க' என்று சொல்லலாம், தாராளமாக.

இந்த வருஷம் அவர் மாலை கழற்றும் நாளை இப்போதே காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். மாலை போட்டிருக்கும்போதே, அவருக்குச் சம்மதம் என்றால், குருசாமியையும் வைத்துக்கொண்டு பேசுங்கள்: கழற்றிய முதல் வாரம் ஆறரைக்கு எங்கே இருப்பது, பணம் யாரிடம் இருப்பது, பஜனைக்கு மாலை இல்லாமலும் போகலாமா? பல குருசாமிகள் சந்தோஷமாகவே ஒத்துக்கொள்வார்கள். ஆறுமாதம் தாண்டி நினைக்க வேண்டாம், பொங்கல் வரைக்கும் என்று பேசினால் போதும். கைநடுக்கம், தூக்கமின்மை இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் பார்க்கலாம். அவர் எதற்கும் வரமாட்டேன் என்றாலும் நீங்களும் அம்மாவும் மட்டும் போய்ப் பேசலாம், குடும்பத்தார் மட்டும் கூடுகிற அல்-அனான் கூட்டங்களும் தமிழ்நாட்டில் நடக்கின்றன. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. கூப்பிட்டதும் 'குடிக்கிறது நான் இல்லை, எங்கப்பா' என்று சொன்னால் போதும், அங்கே இருப்பவர்களுக்கு அப்படி வரும் அழைப்புகள் புதிதில்லை.